நல்ல வெளிச்சத்தில் அப்பா

இந்த அறையில் யாரை உட்கார வைத்தாலும் நன்றாகத் தெரிய மாட்டார்கள். அது உங்கள் தவறு இல்லை, மேடம். தலைக்கு நேர் மேலே அந்தக் குழல்விளக்கை மாட்டினானே, அவன் தவறு. உச்சியிலிருந்து விழுகிற வெளிச்சம் கண்குழியில் இருட்டைக் கொட்டும், கன்னத்தை இழுத்துத் தொங்கவிடும், மூக்குக்குக் கீழே இல்லாத மீசையை வரையும். உங்களுக்கு உண்மையில் நல்ல முகம். நாற்காலியை அந்த ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டால் போதும், வீட்டில் இருப்பவர்களே யார் என்று கேட்பார்கள். வேண்டாமா? சரி, உங்கள் இஷ்டம்.

வக்கீல் வேண்டாம் என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நடந்ததைச் சொல்வதற்கு நடுவில் இன்னொருவர் எதற்கு?

நீங்கள் டுலூத் நகரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். இந்தச் சுரங்க ஊரில் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள், கல்யாணம் கட்டியவர்கள், லூத்தரன் சர்ச்சில் குடும்பப் படம் மாட்டியவர்கள், எல்லாரும் என் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள்தான். வெளியே கூடத்தில் தொங்குகிறதே ஷெரிஃப் படம், அதுவும் நான் எடுத்தது. அவருக்கு இரட்டைத் தாடை. படத்தில் இருக்கிறதா என்று போகும்போது பாருங்கள். பருத்த முகம் என்றால் விளக்கைப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். பாதி முகம் நிழலுக்குள் போய்விடும், ஆள் இளைத்துவிடுவார். ஒட்டிய முகம் என்றால் நேர் எதிரில், அகலமான வெளிச்சம். கீழேயிருந்து ஒரு வெள்ளை அட்டை. பள்ளமெல்லாம் நிரம்பிவிடும். கம்ப்யூட்டரில் போட்டு முகத்தைத் தேய்க்கிற வேலையெல்லாம் நான் செய்வதில்லை. இருக்கிற முகத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று சொல்வதோடு என் வேலை முடிந்தது. 

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பள்ளத்தை நிரப்ப வேண்டுமானால் அது எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே 'எனக்குத் தெரியாது' என்று நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொன்னால் என் தொழிலையே கேவலப்படுத்தினதாக ஆகும்.

அப்பாவுக்கு என் தொழில் பிடிக்காது. வைனோ மாக்கி என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இரும்புச் சுரங்கத்தில் ராட்சச மண்வாரி ஓட்டினவர். அவர் கைப்பிடியில் ஒரு வாளி மண் எழுந்தால் ஒரு வீடு எழுந்த மாதிரி இருக்கும். நான் ஸ்டூடியோ வைத்த அன்று வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "சிரிங்க, சிரிங்கன்னு சொல்றதெல்லாம் ஒரு ஆம்பள செய்ற வேலையாடா?" என்றார். உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. எத்தனையோ முறை கூப்பிட்டேன். ஊரில் எல்லார் முகமும் என்னிடம் இருந்தது, அவர் முகம் மட்டும் இல்லை. பக்கவாதம் வந்த பிறகுதான் எனக்கு முன்னால் உட்கார்ந்தார். எழுந்து போக முடியாது அல்லவா.

அது ஆகஸ்டில் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. தங்கை கோரின் அரிசோனாவிலிருந்து பறந்து வந்தாள். டூசானில் வீடு விற்றுக் கொடுக்கிறவள். அந்த ஊர் பஸ் நிறுத்தத்து பெஞ்சுகளில் அவள் முகம் விளம்பரமாக ஒட்டியிருக்கிறது. அந்தப் படமும் என்னுடையது. யார் எடுத்தது என்று கேட்டால், "எங்க ஊர்ல ஒருத்தர்" என்பாளாம். அவளுடைய கணவன் ஒரு முறை குடித்துவிட்டு என்னிடம் சொன்னான்.

ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் நின்றுகொண்டு அவள்தான் முடிவு செய்தாள்.

"ஹோம்ல கீம்ல எல்லாம் போடக் கூடாது ஆர்லன். அப்பாவுக்கு நாம வாக்கு குடுத்திருக்கோம்."

"நாமன்னா யாரு?"

"இப்பப் போய் ஏன் இப்படிப் பேசுற? உனக்கென்ன, பொண்டாட்டியா புள்ளையா? வீடு பக்கத்துலயே இருக்கு. நான்தான் தினமும் போன் பண்ணுவேன்ல?"

தினமும் என்பது வாரத்துக்கு ஒரு முறை ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த பிறகு. "ஒவ்வொரு ஞாயிறும் அப்பா படம் ஒண்ணு அனுப்பிடு, எனக்கு மனசு கெடந்து அடிச்சிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ஸ்டூடியோவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அப்பாவின் வீட்டுக்குக் குடி வந்தேன். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

முதல் படத்தை சமையலறையில் வைத்து போனில் எடுத்தேன். மேலே ஒரு மொட்டை பல்பு. காலைக் கஞ்சி ஊட்டி முடித்த கையோடு எடுத்தது. தாடையில் கொஞ்சம் ஒட்டிக்கூட இருந்தது. அனுப்பின உடனே போன் வந்தது.

"என்னடா பண்ணி வெச்சிருக்க அவர? பொணம் மாதிரி இருக்காரு! சாப்பாடு போடுறியா இல்லியா?"

அப்போது நான் அவருக்கு மூன்று வேளையும் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஓட்ஸ் கஞ்சி, மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணி சூப். விழுங்குவது கஷ்டம். ஒரு கரண்டி வாயில் வைத்தால் தொண்டையைத் தடவிக் கொடுத்துக் கொண்டே காத்திருக்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாடு முடிவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது, எல்லாம் நான். என் இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் அவள் கேட்டாள், சாப்பாடு போடுகிறாயா என்று. இதை நீங்கள் கோபம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். எனக்குக் கோபமே வருவதில்லை. ஊரில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு நான் ஒழுங்காகச் செய்தேன். வடக்கு ஜன்னல் பக்கம் அவருடைய நாற்காலியை நகர்த்தினேன். நேரான வெயில் அங்கே வராது; மெத்தென்ற வெளிச்சம்தான் வரும். குளியலறைத் திரையைக் கழற்றி ஜன்னல் கண்ணாடிக்கு மேல் தொங்கவிட்டேன், இன்னும் மெத்தென்று ஆகும். மடிமேல் வெள்ளை அட்டை. முகச்சவரம் செய்து, தலையைப் படிய வாரி, சிவப்புக் கட்டம் போட்ட கம்பளியை மார்பு வரை போர்த்திவிட்டேன். அந்தச் சிவப்பு கொஞ்சம் கன்னத்தில் ஏறும், ரத்தம் ஓடுகிற மாதிரி இருக்கும். வாய் கோணின பக்கத்தைக் கேமராவிடமிருந்து திருப்பினேன். கண்ணில் ஜன்னல் ஒரு சின்னச் சதுரமாக மின்னியது. அந்த மின்னல் இருந்தால்தான் கண்ணுக்கு உயிர்.

கோரின் அதை ஃபேஸ்புக்கில் போட்டாள். 'எங்கப்பா! பாத்துக்க ஆள் இருந்தா எந்த வயசிலயும் இப்படி இருக்கலாம்' என்று எழுதியிருந்தாள். கீழே ஊரே கூடிவிட்டது. 'கோரின், உன்ன மாதிரி பொண்ணு கெடைக்க அவரு குடுத்து வெச்சிருக்கணும்.' 'தூரத்துல இருந்தாலும் எவ்ளோ பொறுப்பு!' ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு இதயம் போட்டிருந்தாள். என் பெயர் எங்கேயும் இல்லை. பரவாயில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் படித்தேன்.

இலையுதிர் காலம் முடிகிற சமயம், அக்டோபர் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் அவருக்கு சூப் புரையேறிவிட்டது. முகம் நீலமாகிவிட்டது. முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தேன். ஒரு வழியாக மூச்சு வந்தது. கோரினைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் நான் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

"ஒரு நர்ஸ் வெச்சுக்கலாமா கோரின்? என்னால முடியல."

அவள் எங்கேயோ யாருக்கோ வீடு காட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"படத்துல நல்லாத்தானே இருக்காரு?" என்றாள். "அப்புறம் பேசறேன், என்ன?"

அப்புறம் பேசவில்லை.

அந்த வார்த்தையை நான் பல நாள் மென்றுகொண்டிருந்தேன். படத்துல நல்லாத்தானே இருக்காரு. யோசித்துப் பாருங்கள், மேடம். ஒழுங்காகச் சாப்பாடு போட்டபோது சாப்பாடு போடுகிறாயா என்று கேட்டவள், வெளிச்சத்தைச் சரிசெய்த பிறகு எதுவும் கேட்கவில்லை. அப்படியானால் அவளுக்கு வேண்டியது எது? சாப்பாடா, வெளிச்சமா? நான் அதைத்தான் தெரிந்துகொள்ள நினைத்தேன். ஒரு மகள் தன் அப்பாவின் முகத்தை எவ்வளவு கவனமாகப் பார்க்கிறாள் என்று.

முதலில் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். புரையேறுகிற பயமும் ஒரு காரணம். வயிறு லேசாக இருந்தால் தூக்கம் நன்றாக வரும் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிறகு மத்தியான சூப்பில் உருளைக்கிழங்கை விட்டுவிட்டேன். பிறகு சூப்பையும். காலைக் கஞ்சி மட்டும் நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டே போயிற்று. இதெல்லாம் ஒரே நாளில் நடந்தது என்று நினைக்காதீர்கள், மெல்ல மெல்லத்தான். ஒவ்வொரு ஞாயிறும் படம் எடுத்து அனுப்பினேன், ஒவ்வொரு ஞாயிறும் அவள் பார்த்தாள். ஸ்டூடியோவிலிருந்து கொண்டு வந்த விளக்கை வாராவாரம் கொஞ்சம் நேருக்கு நேர் நகர்த்தினேன். வெள்ளை அட்டையைக் கொஞ்சம் உயர்த்தினேன். சட்டைக்குப் பின்னால் துணி காயப்போடும் கிளிப்பைப் போட்டு இறுக்கினேன், கழுத்தில் தொளதொளவென்று தெரியாமல் இருக்க.

உங்களிடம் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். சதை வடிந்த முகத்தை வெளிச்சத்துக்கு ரொம்பப் பிடிக்கும். எலும்பு மேலே வரும், நெற்றி துலங்கும், கண் பெரிதாகும். நவம்பர் கடைசியில் நன்றியறிதல் நாளுக்கு நான் எடுத்த படத்தில் அப்பா ஒரு பழைய ராஜா மாதிரி இருந்தார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு முகத்தை நான் எடுத்ததில்லை. வாழ்நாளெல்லாம் என் கேமராவைத் தட்டிவிட்ட மனுஷர், கடைசியில் எனக்கு இவ்வளவு அழகான முகத்தைக் கொடுத்தார் என்று அந்தப் படத்தை விடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கல் இல்லை.

பக்கத்து வீட்டு பெவ் ஸ்டிமாக் அந்தச் சமயத்தில்தான் ஹாட்டிஷ் எடுத்துக்கொண்டு வந்தாள். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு எல்லாம் போட்டுச் சுட்ட கனமான தட்டு. என்னைத் தூக்கி வளர்த்தவள் மாதிரி பேசுவாள்.

"ஏன்டா ஆர்லன், உங்கப்பன எட்டிப் பாத்துட்டுப் போறேன், வழிய விடு."

"தூங்கறாரு பெவ்."

"எப்ப வந்தாலும் தூங்கறாருங்கற. கரடியாடா அவரு, குளிர்காலம் பூரா தூங்கறதுக்கு?"

நான் போனை எடுத்து அந்த வாரத்துப் படத்தைக் காட்டினேன். பெவ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"அட கடவுளே! சினிமாக்காரன் மாதிரில்ல இருக்காரு. வயசுல கூட இவ்ளோ லட்சணமா இருந்ததில்லையே இந்த மனுஷன். எளச்சது நல்லதுதான், கன்னத்துல தொங்கின சதை போச்சு."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்த ஹாட்டிஷை நான் சாப்பிட்டேன். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன், அவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று. அவர் என் முள்கரண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்ல மாமிச வாசனை. சூடு ஆறுகிற வரைக்கும் ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

கிளினிக்கிலிருந்தும் பார்த்தார்கள். பனியில் வயசானவரை இழுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று வீடியோவிலேயே பார்ப்பதாகச் சொன்னார்கள். அதற்கும் நான் விளக்கு வைத்தேன். ஒரு சின்னப் பெண், நல்லவள்தான், கீழே எதையோ தட்டிக்கொண்டே கேட்டாள்.

"எடை பாத்தீங்களா?"

"நிக்கவே முடியாதவர எப்படிம்மா தராசுல ஏத்தறது?"

"ஆமால்ல. சாப்பாடெல்லாம் எறங்குதா?"

"அவரால முடிஞ்சத எடுத்துக்கறாரு."

"முகத்துல நல்ல களை இருக்கு. இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க."

பண்ணினேன்.

ஜனவரி. வெளியே மூச்சு விட்டால் உறைந்துவிடும் குளிர். கோரின் அன்று படம் போதாது, வீடியோவில் பேச வேண்டும் என்றாள். கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு நீச்சல் குளத்தோரம் உட்கார்ந்திருந்தாள். நான் போனை அப்பாவின் கண் உயரத்துக்கு நிறுத்தி, விளக்கைப் போட்டேன்.

பக்கவாதத்தில் அப்பாவுக்கு இங்கிலீஷ் முழுதாகப் போய்விட்டிருந்தது. சின்ன வயதில் அவர் வீட்டில் பேசின ஃபின்னிஷ் மட்டும் ஒன்றிரண்டு வார்த்தை அடியில் மிஞ்சியிருந்தது. கோரினுக்கு அந்த மொழி தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும். மான் வேட்டைக்குப் போகும்போது அவரும் அவருடைய கூட்டாளிகளும் அதில்தான் பேசுவார்கள், நான் பின்னால் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவர் திரையையே பார்த்தார். அவளை அடையாளம் தெரிந்தது. உதடு வெகு நேரம் முயற்சி பண்ணியது.

"நால்கா" என்றார்.

"அப்பா என்னமோ சொல்றாரே! என்ன ஆர்லன் சொல்றாரு?"

"நால்கா" என்றார் மறுபடி. என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தே சொன்னார். இடது கையைக் கம்பளிக்குள்ளிருந்து எடுக்கப் பார்த்தார். நான் அதை உள்ளே வைத்து மூடினேன், மணிக்கட்டு படத்தில் வந்துவிடும்.

நால்கா என்றால் பசி.

"உன் தலமுடி அழகா இருக்குன்னு சொல்றாரு" என்றேன்.

கோரின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அப்பா! சின்ன வயசுல ஒரு தடவகூட நீங்க என்னைய இப்படிச் சொன்னதில்லையே!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, முடியை முன்னால் இழுத்துப் போட்டுக் காட்டினாள். "நல்லாருக்கா? நீங்களும் நால்காதான்பா! எங்கப்பா நால்கா!" அவளுடைய கணவன் திரைக்குள் தலையை நீட்டினான். நால்கா என்றால் அழகு என்று அவனுக்கும் சொல்லிக் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே, கையை ஆட்டி ஆட்டி, "நால்கா! நால்கா!" என்றார்கள்.

அதற்குப் பிறகு வீடியோ இல்லை, ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் போனில் அவள் அவரை அப்படித்தான் கூப்பிட்டாள். அப்பா அந்த வார்த்தையை விட்டுவிட்டார். வேறு வார்த்தையும் சொல்லவில்லை.

ஏன் அப்படி மாற்றிச் சொன்னாய் என்று கேட்கிறீர்கள். அவள் சந்தோஷப்படட்டும் என்றுதான். வேறு யாராவது அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்திருக்கிறார்களா என்று அவளையே கேளுங்கள்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் மத்தியானம் அப்பா போய்விட்டார். ஜன்னலோரம், நாற்காலியிலேயே. காலையில் தண்ணீர் கொடுத்திருந்தேன். சத்தமில்லை, போராட்டம் இல்லை. உடம்பில் போராட என்ன இருந்தது? நான் அவரைத் துடைத்தேன், சவரம் செய்தேன், நல்ல சட்டை போட்டேன்.

மறுநாள் ஞாயிறு. கண்ணில் மின்னல் வராது என்று தெரியும், அதனால் மூடிவிட்டேன். கழுத்து சாயாமல் இருக்கத் தலையணையைச் சுருட்டிப் பின்னால் கொடுத்தேன். பனி விலகி நல்ல வெளிச்சம். அந்தப் படத்தை நான் எந்தப் போட்டிக்கு அனுப்பினாலும் பரிசு வரும். கோரினுக்கு அனுப்பினேன்.

'இவ்ளோ நிம்மதியா அப்பாவ நான் பாத்ததே இல்ல. தூங்கட்டும், எழுப்பாத' என்று பதில் போட்டாள். ஊருக்கும் போட்டாள். எல்லாரும் ஈஸ்டர் வாழ்த்துச் சொன்னார்கள். ஒருவர் விடாமல் பார்த்தார்கள், மேடம். பாதிரியார்கூடப் பார்த்தார்.

பெவ்வும் பார்த்தாள். திங்கட்கிழமை பண்டிகை ரொட்டியோடு வந்தாள். அவளிடம் ஒரு சாவி இருந்தது எனக்கு ஞாபகம் இல்லை. பின்கதவு வழியாக உள்ளே வந்து நேராக அவரிடம் போய்விட்டாள். "வைனோ, எழுந்திரு, ரொட்டி கொண்டாந்திருக்கேன்" என்று கம்பளிமேல் கையை வைத்தாள். கை உள்ளே இறங்கியது. கம்பளியை விலக்கிப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆர்லன்," என்றாள், "கம்பளிக்குள்ள ஆளே இல்லியேடா."

பிறகு உங்கள் ஆட்கள் வந்தார்கள். மேஜைமேல் பரப்பி வைத்திருக்கிறீர்களே, இந்தப் படங்களை எடுத்தவன் யார்? நேர் முகத்தில் ஃப்ளாஷ் அடித்திருக்கிறான். பக்கத்தில் அளவுகோல் வேறு. விலா, இடுப்பெலும்பு, முதுகுப் புண், எதையும் விடவில்லை. ஒரு மனுஷரை இப்படியா எடுப்பது? இதைத்தான் கோரினுக்கு அனுப்பினீர்களாம், அவள் விமான நிலையத்திலேயே விழுந்து புரண்டாளாம். அண்ணன் அப்பாவைக் கொன்றுவிட்டான் என்று டிவியில் சொல்கிறாளாம். இப்போது பார்க்கத் தெரிகிறது அவளுக்கு.

உங்களுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் வேண்டும் என்று தெரியும். தருகிறேன். அப்பாவுக்குச் சாப்பாட்டை நான்தான் நிறுத்தினேன். வீட்டில் சாப்பாடு இருந்தது. அவர் கேட்டார். எனக்குப் புரிந்தது. நான் கொடுக்கவில்லை. டைப் அடித்துக்கொண்டீர்களா?

ஆனால் கீழே இன்னொன்றும் எழுத வேண்டும். குளிர்காலம் முழுக்க நான் காத்திருந்தேன். ஒருத்தி, ஒரே ஒருத்தி, 'அப்பா எளச்சிட்டாரே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றைக்கே அடுப்பைப் பற்ற வைத்திருப்பேன். ஒரு தடவை நேரில் வந்து பார்த்திருந்தால் அவர் இன்று உயிரோடு இருப்பார்.

என்ன? ஆமாம், கோரின் டிக்கெட் போட்டாள். மார்ச்சில். அதை மறைக்கவில்லை, நீங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். 'மனசே சரியில்ல, ஒரு வாரம் வந்து அப்பாகூட இருக்கப் போறேன்' என்றாள். அந்த வாரத்துப் படம் சரியாக வரவில்லை. விளக்கை எங்கே வைத்தாலும் கண்குழி நிரம்பவில்லை. அதனால் அக்டோபரில் எடுத்து அனுப்பாமல் வைத்திருந்த ஒன்றை அனுப்பினேன். 'பனியில ரோடெல்லாம் மோசம், வெயில் வந்தப்புறம் வா, ஆளு எப்படி இருக்காரு பாரு' என்று எழுதினேன். பார்த்தாள். டிக்கெட்டை ரத்து செய்தாள்.

அந்தப் படத்தில் ஜன்னலின் ஒரு ஓரம் விழுந்திருந்தது. வெட்டியிருக்கலாம், வெட்டவில்லை. வெளியே பிர்ச் மரம் மஞ்சள் மஞ்சளாக இலையோடு நிற்கிறது. மார்ச் மாதத்தில், முழங்கால் அளவு பனி கிடக்கிற எங்கள் ஊரில், இலை. அவள் அந்த மரத்தில் ஏறி விளையாடினவள். பார்த்த உடனே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பார்க்கத் தெரியாதவளுக்கு நான் என்ன செய்ய முடியும், மேடம்? உண்மை முழுவதையும் நான் அவளுக்கு அனுப்பித்தான் இருந்தேன்.